கேட்டால் கொடுக்காமல் இருப்பது எப்படி

அக்டோபர் 9, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். ஆய்வுத் திட்டத்தைப் போஸ்டராகச் செய்து, இருபத்தேழாம் தேதி காலை ஒன்பது மணிக்குள் நிர்வாகவியல் துறை வராந்தாவில் மாட்ட வேண்டுமாம். ஒரே தாள். முந்நூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஆய்வாளரின் புகைப்படம் கட்டாயம். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: இது மூன்றாவதும் இறுதியுமான வாய்ப்பு.

முதல் வாய்ப்பில் நாற்பத்திரண்டு ஸ்லைடுகளுடன் போனேன். ஒன்பதாவதில் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது வாய்ப்பன்று காலை பக்கத்து வீட்டு மெரேசெய்னி வந்து நின்றாள். ஆக்லாந்தில் இருக்கும் சொந்தக்காரர்களோடு திரையில் சேர்ந்து பாடிப் பழக வேண்டும், என் மடிக்கணினி வேண்டும் என்றாள். கெரெகெரே என்றாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் என்ன செய்ய முடியும்? கொடுத்தேன். வெறுங்கையோடு போய், என் ஆய்வு இப்போது தேவாலயத்தில் பாடிக்கொண்டிருக்கிறது என்று மதிப்பீட்டுக் குழுவிடம் சொன்னேன்.

குழுத் தலைவர் பேராசிரியர் ஹாப்டே, பிரிஸ்பேன்காரர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்று கேட்டார்.  என் வழிகாட்டி டாக்டர் ஹேமலதா வெளியே வந்ததும் சொன்னார், "வசேமதா, அந்தக் கேள்வியவே ஆய்வா எடுத்துக்கிட்டு வாங்க."

கெரெகெரே என்றால் 'தயவுசெய்து' என்று ஹாப்டேவுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காப்பி கேட்கும்போதெல்லாம் சொல்வார். பாதி சரி. சொந்தக்காரரோ தெருக்காரரோ வந்து அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது மீதிப் பாதி. என் ஆய்வு முழுக்க அந்த மீதிதான்.

அக்டோபர் 10, செவ்வாய்

நாட்டு விடுமுறை. நான் வேலை செய்யும் மெத்தைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை. போஸ்டரை முதலில் கையால் வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு பெரிய அட்டை, மூன்று மார்க்கர், ஒரு ஒட்டுநாடா.

தலைப்பு வைத்தாயிற்று. 'கேட்டால் கொடுக்காமல் இருப்பது எப்படி: சுவாவின் சிறு கடைகளில் கெரெகெரேயும் நிர்வாகமும்.'

பத்து மணிக்கு மெரேசெய்னி வந்து ஞாயிறு வகுப்புக்கென்று இரண்டு அட்டை கேட்டாள். பதினொன்றுக்கு அவள் மாமியார் வந்து மீதி இரண்டையும் கேட்டார், எதற்கு என்று சொல்லவில்லை. மார்க்கர்கள் எப்போது போயின என்றே தெரியவில்லை. ஒட்டுநாடாவை என் கணவர் அபெனிசாவே எடுத்துக்கொண்டு போய்ப் தான் ஓட்டும் பேருந்தின் விரிசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். மதியத்துக்குள் என்னிடம் தலைப்பு மட்டும் மிஞ்சியது. அதை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

வேலை முடிந்து சகியுசா மாமாவின் கடைக்குப் போனேன். எங்கள் ராய்வங்கா பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் கம்பிவலை அடித்த மளிகைக் கடை. அவர் என் அம்மாவின் ஊர்க்காரர், எனக்கு மாமா முறை. இந்தத் தெருவில் கடை வைத்த எங்கள் பூர்வகுடி ஆட்கள் எல்லோரும் ஒரு வருடத்துக்குள் மூடிவிட்டார்கள். இவர் கடை மட்டும் பதினோரு வருடமாக ஓடுகிறது. எப்படி என்று நான் ஆய்வாளராகக் கேட்டேன், குறிப்புப் புத்தகத்தோடு.

சொல்லிவிட்டார். கடை அவருடையது இல்லை. மிஸ்டர் வில்சனுடையது. அவர் வெறும் சம்பளக்காரர்.

மிஸ்டர் வில்சனை எனக்கும் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். பயங்கரக் கோபக்காரர். ஒரு தீக்குச்சி குறைந்தாலும் ஆளை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார். யாராவது டின் மீனோ பிஸ்கட்டோ கெரெகெரே கேட்டால் மாமா முகம் வாடிப்போய், எனக்குக் கொடுக்க ஆசைதான், வில்சன் விட மாட்டாரே என்பார். கேட்டவர் மாமாவுக்காகப் பரிதாபப்பட்டுவிட்டுப் போவார். கிறிஸ்துமஸுக்கு வில்சனுக்கென்று பாய் கூடக் கொடுத்தனுப்புகிறார்கள். அவருக்கு முட்டிவலி என்று மாமா எப்போதோ சொன்னதால் தைலமும்.

"மாமா, மிஸ்டர் வில்சன நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பிஸ்கட் டின்னைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு பேருமே பாக்கல. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அவரை யாருமே பார்த்ததில்லை என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் எழுதினேன். ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொன்னால் மாமா அல்லவா மறுத்தவர் ஆகிவிடுவார்.

அக்டோபர் 14, சனி

புகைப்படம். அபெனிசா எடுத்தார். வெயில் கண்ணில் குத்தியது, அதோடு பின்னால் மெரேசெய்னியின் கோழி என் செருப்பைக் கொத்திக்கொண்டிருந்தது. யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

"இந்த மூஞ்சியப் பாத்தா எவன் வந்து கேப்பான்?" என்றார் அபெனிசா. "ஆய்வே தேவையில்ல, படத்த மட்டும் மாட்டு."

வேறு எடுக்கச் சொல்வதற்குள் கைபேசியை அவர் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். படம் அதுதான்.

அக்டோபர் 17, செவ்வாய்

டாக்டர் ஹேமலதா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நான் எழுதிய 'ஆய்வின் பின்னணி' மட்டும் அறுநூற்றுப் பதினொரு சொல். நாற்பதாக்கினார். அதில் 'மேலும்' என்ற சொல்லே ஏழு இருந்ததாம்.

பிறகு கருத்துப் படம். நான் இரண்டு கட்டம் வரைந்திருந்தேன்: 'கேட்பவர்', 'கடை'. நடுவே ஓர் அம்புக்குறி. நடுவில் ஒன்று இருந்தால்தான் மேலாண்மை ஆய்வு, இல்லாவிட்டால் அது வெறும் அம்பு என்றார். அங்கே எது வந்து நிற்கிறது, எது தடுக்கிறது என்று கேட்டார். வில்சனைப் பற்றிச் சொன்னேன். ஹேமலதாவும் சுவாவிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து நடுவில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே 'இடையீட்டு மாறி: மி. வில்சன்' என்று எழுதினார்.

"எங்கப்பா கடையில அவரு பேரு மிஸ்டர் டாசன்," என்றார்.

அக்டோபர் 20, வெள்ளி

முந்நூற்று நான்கு சொல். எந்த நான்கை எடுப்பது என்று பேருந்தில் போக வர யோசித்தேன், அவ்வளவுதான் இன்றைய ஆய்வு.

அக்டோபர் 24, செவ்வாய்

அச்சாகி வந்துவிட்டது. மழையில் நனையாத கெட்டிப் பிளாஸ்டிக் துணியில் போட்டிருக்கிறார்கள். என் உயரத்தில் முக்கால்வாசி. எவ்வளவு அழகாக இருக்கிறது! பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தத் துணிதான் வினையானது. நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் மூன்று பேர். தையற்காரப் பெண் தன் ஒழுகும் கூரைக்குச் சரியாக இருக்கும் என்றாள். தேவாலயப் பெரியவர் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, வரவேற்புப் பலகை எழுதலாமே என்றார். இருவருக்கும் வாயைத் திறக்காமல் ஓட்டமும் நடையுமாகத் தப்பித்தேன். வாசலில் மெரேசெய்னி. அவள் மகள் பிறந்தநாளாம், முற்றத்தில் மறைப்புக் கட்ட வேண்டுமாம். கையை நீட்டிவிட்டாள், வாயில் அந்தச் சொல் பாதி வந்துவிட்டது.

அய்யோ, மூணாவது தடவையும் போச்சே. நாப்பத்தொரு வயசில என்னைத் தூக்கி வெளிய போட்டுருவாங்களே.

"இது என்னோடது இல்ல," என்றேன். "மிஸ்டர் வில்சனோடது."

எங்கிருந்து வந்தது அது? நான் யோசிக்கவே இல்லை.

"கடைக்கார வில்சனா?"

"ஆமா."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப வேணாம்மா. அந்தாளு மனுசனே இல்ல. நீ எதுக்கு அவருகிட்டப் போய் மாட்டின, பாவம்." உள்ளே போய் எனக்கு மரவள்ளிக் கிழங்கு வேகவைத்தது ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் போஸ்டர் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

அக்டோபர் 27, வெள்ளி

எட்டே முக்காலுக்கே மாட்டிவிட்டேன். என் முறைப்பு வராந்தா முழுக்கத் தெரிந்தது. பக்கத்துப் பலகைக்காரர் தன் போஸ்டரைக் கொஞ்சம் தள்ளி மாட்டிக்கொண்டார்.

குழுவில் மூவர்: ஹாப்டே, ஹேமலதா, டாக்டர் இலியேசா. இலியேசா எங்கள் ஆள், கண்டாவுத் தீவுக்காரர், யாரையும் பாதி வாக்கியத்தில் நிறுத்துபவர். ஐந்து நிமிடம் பேசினேன். யாரும் நிறுத்தவில்லை. நோக்கம், கேள்வி, எட்டுக் கடைகள், யங்கோனா என்ற வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசி எடுக்கும் நேர்காணல் முறை. வில்சனின் முட்டிவலி உட்பட எல்லாம் சொன்னேன். ஹாப்டே தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்கே நம்ப முடியவில்லை.

கடைசியில் அவர் எழுந்து வந்து போஸ்டரைத் தடவிப் பார்த்தார். அடுத்த மாதம் பிரிஸ்பேனில் ஒரு கருத்தரங்கம், இதைக் கொண்டுபோய்க் காட்ட ஆசை என்றார். பிறகு, மரியாதையாகக் கேட்பதாக நினைத்து, அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டார்.

கெரெகெரே!

வராந்தாவில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் திரும்பினார்கள். கொடுத்தால், கொடுக்காமல் இருப்பது எப்படி என்று முந்நூறு சொல்லில் எழுதியவள் முதல் கேள்வியிலேயே கொடுத்துவிட்டாள் என்று ஆகும். கொடுக்காவிட்டால், அத்தனை பேர் முன்னால் அந்தச் சொல்லுக்கு மறுத்தவள். கை தானாக மேல் ஆணியைக் கழற்றப் போய்விட்டது.

"குடுக்கணும்னு ஆசைதான் சார். ஆனா இது மிஸ்டர் வில்சனோடது."

ஹேமலதா கூரையைப் பார்த்தார். இலியேசா தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் சீரியசாகக் கேட்டார், "அவரு முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல சார். மழைக்காலத்துலதான்."

ஹாப்டே குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

அக்டோபர் 28, சனி

முடிவு வந்துவிட்டது. திட்டம் ஏற்கப்படுகிறது, ஒரு நிபந்தனையோடு. ஆய்வில் பெயர் குறிப்பிடப்பட்டவரும் போஸ்டரின் உரிமையாளருமான திரு. வில்சனின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் நவம்பர் பத்துக்குள் வர வேண்டும். தவறினால் திட்டம் காலாவதி.

வில்சன் என்று ஒருவர் இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் குழுவின் முன் பொய் சொன்னவள் ஆவேன், அதற்கும் வெளியே அனுப்புவார்கள். ஹேமலதாவைக் கூப்பிட்டேன்.  உங்கள் மாமாவைப் போய்ப் பாருங்கள் என்றார் - மாமா என்றா சொன்னார், முதலாளி என்றா? எனக்கே குழம்பிவிட்டது.

அக்டோபர் 30, திங்கள்

சகியுசா மாமாவிடம் படிவத்தைக் காட்டினேன். ஒரு கையெழுத்துதான் மாமா, எப்படிக் கிறுக்கினாலும் சரி என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வில்சன் கையெழுத்துப் போட மாட்டாராம். பதினோரு வருடமாக எதற்கும் போட்டதில்லையாம். இன்று ஒன்றுக்குப் போட்டார் என்று தெரிந்தால், நாளைக் காலையில் தேவாலயக்காரர்கள் ஒரு படிவத்தோடு வந்து நிற்பார்கள், மறுநாள் ரக்பி குழு.

"அவரு ஒருதரம் சரின்னு சொல்லிட்டா, அப்பறம் அவரு வில்சன் இல்லம்மா," என்றார்.

வாழ்க்கையில் முதல் முறையாக நான் கேட்டதை ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் பிறக்கவே இல்லை.

நவம்பர் 2, வியாழன்

முறைப்படி கேட்பதற்கு யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கி, நல்ல சுலுவைக் கட்டிக்கொண்டு, கடை மூடும் நேரத்தில் போனேன். கம்பிவலைக்குள் போய்ப் பிஸ்கட் டின்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து கட்டை அவர் முன் வைத்தேன். மிஸ்டர் வில்சனிடம் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கிறேன் என்றேன். அம்மாவின் ஊர் அந்த ஊர்ப் பெண்ணின் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன்.

"கெரெகெரே, மாமா."

அவர் கட்டைத் தொட்டு மூன்று முறை கை தட்டினார். ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். பிறகு அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"கையெழுத்துப் போட்டு மானங்கெட்டு இருக்கறதுக்கு, அவரு செத்துப் போறது மேல்," என்றார்.

நவம்பர் 4, சனி

காலையில் கம்பிவலையில் அட்டை தொங்கியது. 'மிஸ்டர் வில்சன் காலமானார். மதியம் வரை கடை இல்லை.'

தெருவே வந்துவிட்டது. ஏழு பாய், ஒரு பன்றி, டாலோக் கிழங்கு நான்கு மூட்டை. மெரேசெய்னியின் பாட்டுக்குழு இரண்டு பாட்டுப் பாடியது, இந்த முறை மடிக்கணினி இல்லாமல். அவள் உண்மையாகவே அழுதாள். மனிதன் மோசமானவன்தான், ஆனால் பதினோரு வருடப் பழக்கம் இல்லையா என்றாள். நானும் அழுதேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அபெனிசா பன்றியை அறுத்துக்கொண்டே, உடல் எங்கே என்று மாமாவை மெதுவாகக் கேட்டார். கப்பலில் ஊருக்குப் போய்விட்டது என்றார் மாமா. எந்த ஊர் என்று அபெனிசா கேட்கவில்லை, நல்ல மனிதர்.

படிவத்தில் 'ஒப்புதல் பெற இயலாமைக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'காலமானார்' என்பதில் டிக் போட்டு அனுப்பினேன்.

நவம்பர் 9, வியாழன்

ஏற்பு. நிபந்தனை நீங்கியது. கூடவே ஹாப்டேவின் அனுதாப அட்டை, வெள்ளை அல்லிப்பூப் படம். 'அவரைச் சந்திக்கும் பேறு எனக்குக் கிட்டவில்லை.'

துள்ளிக் குதிக்க வேண்டியவள். வேலை முடிந்து கடையைப் பார்த்தேன். டின் மீன் அடுக்கு காலி. சோப்பு காலி. மாமா யாருக்கோ கடைசி மாவுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், சிரித்த முகத்தோடு. இப்போது அவர்தானே முதலாளி. ஐந்தே நாள்.

நான்தான் கேட்டேன். நான்தான்.

நவம்பர் 11, சனி

மாமா வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுக்கு வருவது இதுவே முதல் முறை. போஸ்டர் இருக்கிறதா என்று கேட்டார். விரித்துக் காட்டினேன். எழுத்து எதையும் படிக்கவில்லை. என் படத்தையே பார்த்தார். கீழே இருந்த 'முதன்மை ஆய்வாளர்' என்பதில் விரலை வைத்து, முதன்மை என்றால் தலைவர்தானே என்று கேட்டுக்கொண்டார்.

"கெரெகெரே," என்றார்.

சுருட்டிக் கொடுத்தேன்.

நவம்பர் 18, சனி

கம்பிவலைக்கு உள்ளே, காசு வாங்கும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார். பேருந்திலிருந்தே தெரிகிறது: 'கேட்டால் கொடுக்காமல் இருப்பது எப்படி.' கீழே நான் முறைக்கிறேன். வில்சன் கடையை இந்தப் படத்தில் இருக்கும் அம்மாவுக்குத்தான் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று யாரோ யாரிடமோ சொன்னார்களாம். மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குக் கொடுக்க ஆசைதான், மேலே பாருங்கள் என்கிறாராம்.

அடுக்குகள் நிறைந்துவிட்டன. மனசு லேசானது.

நவம்பர் 26, ஞாயிறு

தேவாலயத்தில் என் பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். தையற்காரப் பெண் என் முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். யாரோ வாசலில் தைலம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எட்டு நேர்காணலில் இரண்டு முடிந்தது. கேட்டதற்கெல்லாம் பயந்து பயந்து பதில் சொல்கிறார்கள்.

டிசம்பர் 3, ஞாயிறு

இரண்டு வாரமாக யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மடிக்கணினி மேசை மேலேயே கிடக்கிறது. புது மார்க்கர் நான்கு வாங்கினேன், நான்கும் இருக்கின்றன. மெரேசெய்னியின் பாட்டுக்குழு இன்று ஆக்லாந்தோடு பாட வேண்டிய நாள். வேலிக்கு அந்தப் பக்கம் கைபேசியின் சின்னத் திரையை ஆறு பேர் சுற்றி நின்று பாடினார்கள். அவள் ஒரு முறை இந்தப் பக்கம் திரும்பினாள். ஜன்னல் வழியே மடிக்கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கைபேசிக்குக் குனிந்துகொண்டாள்.

சமையலைப் பாதியில் விட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன். அவள் பயந்துபோய் எழுந்தாள்.

"கெரெகெரே, மெரே," என்றேன். "கொஞ்சம் உப்பு."

கிண்ணம் நிறையக் கொட்டினாள். எங்கள் வீட்டில் உப்பு இருந்தது.